டெபோராவுக்கே விழுந்த சீட்டு

சித்தூர் கிருபைக் கன்மலை ஆலயத்தில் பதவிகள் இரண்டு வகை. உட்கார்ந்துகொண்டு செய்கிற பதவி, எழுந்து செய்கிற பதவி. தலைவர், உபதலைவர், செயலர், பொருளாளர், ஆலோசகர், மூத்த ஆலோசகர் எல்லாம் முதல் வகை. இவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி உண்டு, ஆண்டறிக்கையில் கழுத்துப்பட்டை கட்டிய புகைப்படம் உண்டு. இரண்டாம் வகைப் பதவிகள் அத்தனையும் டெபோராவிடம் இருந்தன.

பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள் செயலாளர். ஞாயிறு பள்ளிக்குக் கண்காணிப்பாளர். அன்பின் விருந்துக் குழு, நோயாளிகளைச் சந்திக்கும் குழு, துக்க வீட்டு உதவிக் குழு, வரவேற்பு மற்றும் பிரிவுபசாரக் குழு ஆகியவற்றுக்கு அமைப்பாளர். குழு என்பது பேருக்குத்தான், ஆள் அவள் ஒருத்தி. இராப்போஜனத்துக்குத் திராட்சரசம் காய்ச்சுவதும் அவள், சபைப் போதகரான ஐயரின் அங்கியை வெளுத்து இஸ்திரி போடுவதும் அவள், ஆலயத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் சுமப்பதும் அவள். எதற்கும் சம்பளம் கிடையாது. இதற்கு ஊழியம் என்று பெயர். ஊழியத்துக்குக் கூலி பரலோகத்தில் என்று செயலர் சுந்தர்சிங் வருஷம் தவறாமல் மேடையில் சொல்வார். சொல்லி இறங்கியதும் தன் காரின் பெட்ரோலுக்கு வவுச்சர் எழுதுவார். அவருக்குக் கூலி பூலோகத்திலேயே கிடைத்துக்கொண்டிருந்தது.

டெபோரா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் தேவநேசன் காலமாகிச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்துப் பக்கமாகப் படுத்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. அந்தச் சபை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது அது ஒன்றைத்தான்.

திருப்பதியிலிருந்து மகள் பிளெஸ்ஸி போன் செய்த அன்று அவள் துக்க வீட்டுப் பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, டாக்டரம்மா எழுந்து நிக்கவே கூடாதுன்னுட்டாங்க. பீபி ஏறிக்கினே கீதாம். கொழந்த பொறக்கற வரைக்கும் படுத்துக்கினே இருக்கணுமாம். நீ வந்துட்றியாம்மா?”

“வந்துட்டேன்னு வெச்சுக்கோ. ஞாயித்துக்கெழம சபையில சொல்லிட்டுத் திங்கக்கெழம பஸ் ஏறிட்றேன்.”

மருமகன் ஜெர்ரி குவைத்தில் இருந்தான். பிரசவத்துக்குப் பிறகுதான் அவனுக்கு லீவு. திருச்சானூர் ரோட்டில் ஒரு வீட்டின் மாடியில் பிளெஸ்ஸி தனியாகக் கிடந்தாள். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும். சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டியது, அவ்வளவுதானே என்று டெபோரா நினைத்தாள். இத்தனை வருஷம் அந்தச் சபைக்குள் இருந்தும் அவள் அப்படி நினைத்தாள் என்பதுதான் ஆச்சரியம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். ஐயர் கண்களை மூடினார். பிரிந்து போகிறவர்களுக்காக, பிரிவைத் தாங்குகிறவர்களுக்காக, பிரயாணத்துக்காக, பஸ்ஸின் சக்கரங்களுக்காக ஜெபித்தார். பிளெஸ்ஸியை மட்டும் மறந்துவிட்டார். ஆமென் சொன்ன கையோடு செயலர் சுந்தர்சிங் எழுந்தார்.

“சிஸ்டர் டெபோரா போகலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். நம் சபையில் தேர்தல் கிடையாது. ஆதி சபையில் சீட்டுப் போட்டார்கள், நாமும் சீட்டுத்தான் போடுகிறோம்.”

இந்தச் சீட்டு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். முன்பு இங்கேயும் தேர்தல் நடந்தது. கடைசித் தேர்தலில் மூத்த ஆலோசகரின் மூக்குக்கண்ணாடியும் ஆலயத்து ஆர்மோனியமும் ஒரே சமயத்தில் உடைந்தன, போலீஸ் ஜீப் வந்தது. அதற்குப் பிறகுதான் கர்த்தருடைய சித்தத்தைக் கேட்கலாம் என்று இவர்களுக்குத் தோன்றியது. குடும்பத்துக்கு ஒரு சீட்டு. அதில் தகுதியானவர் என்று தோன்றுகிற ஒருவரின் பெயரை எழுதிக் காணிக்கைப் பையில் போட வேண்டும். ஐயர் உபவாசம் இருந்து ஒரு சீட்டை எடுப்பார். வந்த பெயர்க்காரர் மறுக்கக் கூடாது, மறுத்தால் தேவ சித்தத்தை மறுத்ததாகும். மற்ற சீட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் எரித்துவிட வேண்டும். சீட்டு ஞாயிற்றுக்கிழமையில்தான் எடுக்கப்படும்.

ஒப்படைக்காமல் போகிறவர்களுக்கும் விதி இருந்தது. அவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. இதைச் சொல்லும்போது சுந்தர்சிங் வேப்பமரம் இருக்கிற திசையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

ஒப்படைப்பை நடத்தி வைக்க ஓர் உபகமிட்டி வேண்டும் என்றார் உபதலைவர். அமைப்பாளராக யாரைப் போடலாம் என்று எல்லோரும் யோசித்தார்கள். யோசித்தபடியே டெபோராவைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு சீட்டு. சனிக்கிழமை ஐயருக்கு உபவாசம். உபவாசம் முடித்ததும் குடிக்கக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது டெபோரா. சீட்டுக்குக் காகிதம் நறுக்கியதும் அவள்தான். தன் சீட்டில் அவள் உபதலைவரின் மனைவி மேரியின் பெயரை எழுதினாள். நல்ல உடம்பு, வீட்டில் வேலைக்காரி இருக்கிறாள், பொழுது போகவில்லை என்று வாராவாரம் சொல்கிறவள். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஐயர் பைக்குள் கையை விட்டார். துழாவினார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார், படித்தார், கண் கலங்கினார்.

“டெபோரா.”

ஸ்தோத்திரம் என்று ஆலயமே அதிர்ந்தது. சிலர் அழுதார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“ஐயரே, போறவளே நான்தான். என் வேலைய எனுக்கே எப்டி ஒப்படைக்கறது?”

“ஓடுகிற ஊழியரைக் கர்த்தர் கடலில் போனாலும் விடமாட்டார் அம்மா. திருப்பதியில் கடல்கூட இல்லை” என்றார் ஐயர்.

அந்த வாரம் பிளெஸ்ஸியின் கால் வீங்கியிருந்தது. கீழ் வீட்டுச் சுமித்ராதான் சோறு கொண்டுபோய் வைத்தாள். சுமித்ரா வீட்டுக்காரி, தெலுங்குக்காரி, வாடகையைத் தவிர இவர்களுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவளை எந்தக் குழுவுக்கும் யாரும் அமைப்பாளராகப் போடவில்லை.

“ஆன்ட்டி, நான் பாத்துக்கறேன், மீரு பயப்படாதீங்கோ. ஆனா தொந்தரகா வந்துடுங்கோ. பொண்ணு உங்களத்தான் கேக்குது” என்றாள் போனில்.

சீக்கிரம் வரச் சொல்கிறாள். டெபோராவும் சீக்கிரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள், செயலர் வீட்டுக்கும் ஐயர் வீட்டுக்குமாக. கெஞ்சிக் கூத்தாடி இரண்டாம் முறை சீட்டுப் போட அனுமதி வாங்கினாள். மறுபடியும் உபவாசம், மறுபடியும் கஞ்சி, மறுபடியும் காகிதம். ஐயர் இந்த முறை இன்னும் ஆழமாகக் கையை விட்டார், பையின் அடியில் தையல் பிரிகிற அளவுக்கு. வந்த பெயர் டெபோரா.

அவளுக்கே ஒரு கணம் பயமாகிவிட்டது. நிஜமாகவே மேலே இருப்பவர் தன்னைத்தான் கேட்கிறாரோ? பெற்ற பெண்ணைத் தவிக்கவிட்டு அங்கி இஸ்திரி போடச் சொல்கிற கடவுளா அவர்? இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு, ஆலயத்தில் எப்போதும் தன் பக்கத்தில் உட்காருகிற சுந்தரியிடம் கேட்டுவிட்டாள்.

“ஏன் சுந்தரி, நீ யார் பேரு எழுதன?”

“உன் பேருதாங்க்கா.”

“நான் போறேன்னு தெரியும் இல்ல?”

“தெரியும்க்கா. ஆனா வேற யார் பேர எழுதறது, சொல்லு. எழுதி அவுங்க மேல உழுந்துட்டா? யார்றா எழுதனதுன்னு தேட மாட்டாங்களா? மேரிம்மா பேர எழுதி அவுங்களுக்கு வந்துச்சுன்னா நான் அந்தத் தெருவுல நடக்க முடியுமா? உன் பேருன்னா யாருக்கும் மனசு நோகாது. நான் மட்டும் இல்லக்கா, எல்லாரும் அப்டிதான் எழுதனாங்க. நீ நல்லவளாச்சே.”

டெபோரா திகைத்துப் போனாள். அத்தனை குடும்பமும் அவள் பெயரை எழுதியிருக்கிறது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே. பையில் இருந்த ஒரே வேறு சீட்டு அவள் எழுதியது. அந்தப் பைக்குள்தான் ஐயர் கையைவிட்டு, கண்ணை மூடி, தேவ சித்தத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்.

கமிட்டியில் போய் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். என் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று ஒரு வரி அறிவித்தால் போதும் என்றாள். மெத்தை நாற்காலிகள் அசைந்தன. சுந்தர்சிங் தொண்டையைச் செருமினார்.

“சிஸ்டர், நீங்கள் கேட்பது என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா? கர்த்தர் யாரைத் தெரிந்தெடுக்க வேண்டும், யாரைத் தெரிந்தெடுக்கக் கூடாது என்று நாம் நிபந்தனை போடுவதா? மண்ணான மனுஷன் அதைச் செய்யலாமா?”

“கமிட்டில இருக்கறவங்க பேர எழுதக் கூடாதுன்னு மட்டும் வெச்சுக்கினு இருக்கீங்களே அண்ணா?”

“அது வேறு. நாங்கள் மேற்பார்வைப் பாரம் சுமக்கிறவர்கள். ஒரு மனுஷன் மேல் இரண்டு பாரம் ஏற்றக் கூடாது. எங்கள் மனைவிமார்கள் பெயரும் வேண்டாம் என்று தீர்மானம் இருக்கிறது, பாரம் சுமக்கிறவனைச் சுமக்கிறவர்கள் அவர்கள்.”

மேரியின் பெயர் பைக்குள் போனதே வீண் என்று டெபோராவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூத்த ஆலோசகர் மட்டும் இளகினார். “பாவம், விதவை. எவ்வளவோ உழைத்திருக்கிறார்கள். நாம் நன்றி இல்லாதவர்களாக இருக்கக் கூடாது. ஒரு வழியனுப்பு விழா வைப்போம்” என்றார்.

விழா ஏகமனதாக நிறைவேறியது. போக அனுமதி இல்லாதவளுக்கு வழியனுப்பு விழா எப்படி என்று டெபோரா கேட்டாள். விழா வேறு, விடுவிப்பு வேறு என்று உபதலைவர் விளக்கினார். விழாவிலேயே மூன்றாம் சீட்டும் போடலாம், ஜனங்கள் நெகிழ்ந்திருக்கிற நேரத்தில் யாராவது மனம் மாறி வேறு பெயர் எழுதினாலும் எழுதுவார்கள் என்றார்கள். அந்த ஒரு நப்பாசைக்காக அவள் இன்னொரு வாரம் தங்கினாள். இதை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னைத் திட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

வரவேற்பு மற்றும் பிரிவுபசாரக் குழுவின் அமைப்பாளர் அவள்தானே. எனவே ஷாமியானாக்காரனிடம் அவள் பேசினாள். பிரியாணி மாஸ்டருக்கு அவள் அட்வான்ஸ் கொடுத்தாள். தனக்குப் போர்த்த வேண்டிய சால்வையைத் தானே கடையில் விரித்துப் பார்த்து வாங்கினாள். தன் முகம் போட்ட பேனரில் எழுத்துப் பிழை திருத்தினாள். வாழ்த்து மடலை யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. சபையில் எல்லாருடைய வாழ்த்து மடலையும் எழுதுகிறவள் அவளே என்பதால் அதுவும் அவளிடம் வந்தது. எழுதியதைப் படித்துப் பார்த்த ஐயர் முகம் சுளித்தார்.

“இவ்வளவு வறட்சியாக எழுதியிருக்கிறீர்களே அம்மா. உங்களை நாங்கள் எவ்வளவு நேசிக்கிறோம் என்று கொஞ்சம் உருக்கமாகப் போடுங்கள்.”

அவள் உருக்கமாகப் போட்டுக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது.

விழா அன்று ஷாமியானாவின் கீழ் அவளை நடுநாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகு எழுந்து போய்ப் பிரியாணி அடிபிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். ஐயர் வாழ்த்து மடலைப் படித்தார். அவள் எழுதிய இடங்களிலெல்லாம் சரியாகக் குரல் தழுதழுத்தது. அடுத்து சுந்தர்சிங் மைக்கைப் பிடித்தார்.

“அன்பானவர்களே, சிஸ்டர் டெபோரா இல்லாவிட்டால் இந்தச் சபையில் விளக்கு எரியாது. திராட்சரசம் இருக்காது. நோயாளியைப் பார்க்க ஒருவன் போக மாட்டான், செத்தவன் வீட்டில் பாய் விரிக்க ஆள் கிடைக்காது. நான் எத்தனையோ வருஷமாகச் செயலராக இருக்கிறேன். நம் ஆலயக் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவ்வளவு நிம்மதியாக என்னை வைத்திருந்தார்கள்!”

கைதட்டல் எழுந்தது. செயலர் பெருமையுடன் தலை தாழ்த்தி அதை வாங்கிக்கொண்டார்.

கைதட்டலுக்கு நடுவில் டெபோராவின் போன் அடித்தது. சுமித்ரா.

“ஆன்ட்டி, பொண்ணுக்கு மூஞ்செல்லாம் வீங்கிப்போச்சு. தலை வலி தாங்கலன்னு அழுவுது. கண்ணுல மின்னல் மாதிரி அடிக்குதாம், எதிர்ல கீறது தெரியலங்குது.”

நர்ஸுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. “சுமித்ரா, ஒரு நிமிஷம்கூட நிக்காத. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. உன் ஊட்டுக்காரர் ஆட்டோ கீதா?”

“கீது ஆன்ட்டி. ஹரிபாபு கீழதான் நிக்கறாரு.”

“ஏத்து. நான் கெளம்பிட்டேன்.”

அவள் எழுந்தாள். சபை அதை ஏற்புரைக்கு எழுந்ததாக நினைத்து மறுபடி கை தட்டியது.

“எம்பொண்ணு உயிருக்கு ஆபத்து. நான் போறேன்” என்றாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, “இந்தாங்க அண்ணா, புடிங்க” என்று சுந்தர்சிங்கிடம் நீட்டினாள்.

சுந்தர்சிங் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பொருளாளர் பக்கம் நீட்டினாள். அவர் கைக்குட்டையை எடுத்து இரண்டு கையாலும் மூக்கைச் சிந்தத் தொடங்கினார். மூத்த ஆலோசகர் தூங்கிவிட்டார். ஐயரிடம் போனாள். அவர் ஆசீர்வாதம் கூறுகிற பாவனையில் இரு கரங்களையும் வானத்துக்கு உயர்த்திக்கொண்டார். உயர்த்திய கையில் யாரும் சாவி கொடுக்க முடியாது.

அதே ஆலயத்தில் அடுத்து நடக்கிற தெலுங்கு ஆராதனைக்காக வந்து வெளியே காத்திருந்த தெலுங்குச் சபைக்காரப் பெண் ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமெனி போனிவ்வண்டி, பாபம்” என்று கத்தினாள். பாவம், அவளைப் போக விடுங்கள் என்று. தமிழ் ஆராதனை விஷயத்தில் தெலுங்குச் சபை தலையிடுவதைக் குறித்து உபதலைவர் உடனே ஆட்சேபம் தெரிவித்தார்.

டெபோரா சாவிக்கொத்தை நடுநாற்காலியில் வைத்தாள். சால்வையைக் கழற்றி அதன் மேல் போட்டாள். சுந்தர்சிங் மைக்கை மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். மேடைத் தமிழ் சட்டென்று இறங்கிப்போயிற்று.

“நல்லா யோசிச்சுக்கோம்மா. ஒப்படைக்காம போனா, தேவநேசன் பக்கத்துல உனுக்கு எடம் இல்ல. அப்றம் அழுதுக்கினு வந்து நிக்காத.”

அவள் வேப்பமரத்துப் பக்கம் பார்த்தாள். நெஞ்சு வலித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. எத்தனை வருஷம் அந்த மண்ணைக் கூட்டிப் பெருக்கியவள்.

“அவரு பொறுத்துக்குவாரு அண்ணா. எம்பொண்ணால முடியாது” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் மலைக்குப் போகிற பக்தர்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. நாமம் போட்ட ஓர் அம்மாள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், எழுந்து தன் சீட்டைக் கொடுத்தாள். பஸ் முழுக்கக் கோவிந்தா என்று கத்திக்கொண்டு வந்தது. டெபோரா வழி நெடுக இயேசுவே என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பாகாலா ரோடு திரும்புகிற இடத்தில் சுமித்ரா மறுபடி போன் செய்தாள். ஆட்டோவிலேயே பிளெஸ்ஸிக்கு வலிப்பு வந்துவிட்டதாம், உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹரிபாபு சட்டையெல்லாம் கசங்கி நின்றுகொண்டிருந்தான். ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டதற்கு அண்ணன் என்று சொல்லி அவனே போட்டிருந்தான். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். பெண் குழந்தை, கை அளவுக்குத்தான் இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிளெஸ்ஸி பிழைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா டெபோராவைத் தனியாகக் கூப்பிட்டுத் தெலுங்கும் தமிழுமாகக் காய்ச்சி எடுத்தாள். “நீங்க நர்ஸாமே? கால் வீங்குதுன்னு ரெண்டு வாரம் முன்னாடியே தெரியுமாமே? கூட இருந்து பாத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா? இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ரெண்டு பேருமே இல்ல. அப்படி என்னம்மா தலை போற வேலை உங்களுக்கு?”

வேறு யாருக்கும் சீட்டு விழவில்லை என்று டெபோரா எந்த வாயால் சொல்வாள்? அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. அந்த அவமானம் கமிட்டியில் ஒருவனுக்கும் வராது என்பது அதைவிட எரிந்தது.

மறுநாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சுந்தர்சிங்கின் போன் வந்தது. பிளெஸ்ஸி எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

“சிஸ்டர், ஒரு சந்தோஷமான செய்தி. நீங்கள் போன பிறகு பிரியாணிக்கு முன்னால் மூன்றாம் சீட்டும் எடுத்தோம். உங்கள் பெயர்தான். சபையே அழுதது. ஆகவே எல்லாப் பொறுப்பிலும் நீங்களே நீடிக்கிறீர்கள். வருகிற ஞாயிறு இராப்போஜனம், ரசம் காய்ச்ச வேண்டும். அங்கியும் அழுக்காக இருக்கிறதாம்.”

“நான் வர மாட்டேன் அண்ணா.”

மறுமுனையில் குரல் இறுகியது. “அப்படியானால் கமிட்டியின் இன்னொரு தீர்மானத்தையும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் தேவநேசன் பக்கத்து இடம் இன்று முதல் ரத்து. அது சபைக்குத் திரும்புகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதைக் கமிட்டி முடிவு செய்யும்.”

டெபோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து நர்ஸ் பெண், குழந்தையைப் பார்க்க வரலாம் என்று கையைக் காட்டினாள்.

“அதுக்கு எதுக்கு அண்ணா கமிட்டி? அந்தக் குழிக்கும் சீட்டே போட்டுடுங்க. ஊட்டுக்கு ஒரு பேரு எழுதட்டும். இந்த வாட்டி உங்க பேரையும் எழுதலாம்னு சொல்லிடுங்க, வேற யாரும் உங்குளுக்கு எழுதலன்னா நான் எழுதி அனுப்பறேன். பேரு வந்தவங்க மறுக்கக் கூடாது, அதான உங்க விதி?”

அவள் போனை அணைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பேத்தியைப் பார்க்க உள்ளே போனாள்.